புல்வெளி அந்துப்பூச்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அந்தி நேரத்தில் புல்லில் கால் வைத்தால் வெளிறிய சிறு பூச்சிகள் எழும்பி, கோணல்மாணலாகச் சில அடி பறந்து மீண்டும் அமர்கின்றன. புல்லைத் தின்பவை இவைதானா?

பதில்: புல்லைத் தின்பவை இவற்றின் புழுக்கள். உட்காரும்போது இறக்கைகளை உடம்போடு சுருட்டி ஒரு குச்சிபோல ஆகிவிடும், தலைக்கு முன்னால் மூக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும் என்றால் அது புல் அந்துப்பூச்சிதான். பெண் பூச்சி பறந்தபடியே முட்டைகளைப் புல்லில் உதிர்த்துவிட்டுப் போகும். அவை ஒரு வாரம், பத்து நாளில் பொரியும். பூச்சிமேல் மருந்தடிப்பது வீண். அது மிகுதியாகப் பறந்த நாளைக் குறித்துக்கொண்டு, 10 முதல் 14 நாள் கழித்துப் புழுவைத் தேடுங்கள்.

கேள்வி: தண்ணீர் குறையாமல் விட்டும் திட்டுத்திட்டாகப் பழுப்பாகிறது. வறட்சியா, வேர்ப்புழுவா, இந்தப் புழுவா?

பதில்: திட்டின் நடுவில் தேடாதீர்கள், அங்கே தின்று முடித்துவிட்டுப் புழு நகர்ந்திருக்கும். பச்சையும் பழுப்பும் சந்திக்கும் ஓரத்தில் குனிந்து புல்லை விலக்கிப் பாருங்கள். வறட்சியில் இலை வாடினாலும் முழுசாக இருக்கும். இந்தப் புழு இலையை அடியோடு கத்தரித்துவிடும். அடியில் சேர்ந்திருக்கும் சருகுப் படலத்துக்குள் நூல் பின்னிய சிறு குழாய்களும், பச்சை நிறத்தில் மணல்போன்ற எச்சமும் தெரியும். புல்லைப் பிடித்து இழுங்கள். பாய் சுருட்டுவதுபோல் வேரறுந்து வந்தால் குற்றவாளி வேர்ப்புழு. வேர் இறுக்கமாக இருந்தால் சந்தேகம் நம் புழுமேல்.

உறுதிசெய்ய, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு 30 மில்லியை 4 லிட்டர் தண்ணீரில் கலந்து, ஒரு சதுர மீட்டரில் சீராக ஊற்றுங்கள். புழுக்கள் இரவில்தான் மேயும், பகலில் பதுங்கியிருக்கும். சோப்புநீரின் எரிச்சல் தாங்காமல் பத்து நிமிடத்துக்குள் மேலே வந்துவிடும். எண்ணி முடித்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள், வெயிலில் புல் கருகாது.

கேள்வி: எத்தனை இருந்தால் மருந்து தேவை?

பதில்: சதுர மீட்டருக்கு 10 முதல் 15. அதற்குக் கீழே என்றால் செழிப்பான புல் தானே தாங்கிக்கொள்ளும். பறவைகள் வந்து கொத்தினால் விரட்டாதீர்கள்.

கேள்வி: பி.டி. (Bt, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) என்ற பாக்டீரியா மருந்து தெளித்தேன். பலன் இல்லை.

பதில்: பெரும்பாலும் தவறுவது நேரத்தில்தான். இது தொட்டால் கொல்லும் மருந்து இல்லை, தின்றால் கொல்வது. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாத இளம் புழுவிடம் நன்றாக வேலை செய்யும். முற்றிய புழு சமாளித்துக்கொள்ளும். வெயில் மருந்தைச் சிதைக்கும் என்பதால் மாலையில் தெளிக்க வேண்டும். புல்லை முன்பே வெட்டிவிட்டு, தெளித்தபின் ஒரு நாள் தண்ணீரும், இரண்டு மூன்று நாள் வெட்டுதலும் வேண்டாம். வெட்டினால் மருந்து படிந்த இலையே போய்விடும். அளவு, உறையில் போட்டிருப்பதுதான்.

முற்றிய புழுவுக்கு ஸ்டைனெர்னீமா கார்ப்போகாப்சே என்ற நன்மை செய்யும் நூற்புழு (பூச்சிப் புழுவுக்குள் புகுந்து கொல்லும் நுண்புழு) பொருத்தம். இதற்கு முறை நேர்மாறு: தெளிக்கும் முன்னும் பின்னும் மண் நனைந்திருக்க வேண்டும்.

கேள்வி: பழுப்பான இடத்தில் மறுபடி விதைக்க வேண்டுமா?

பதில்: அவசரம் வேண்டாம். புழு இலையைத்தான் தின்றது. புல்லின் அடிக்குருத்து வெண்மையாக, உறுதியாக இருந்தால் தண்ணீரும் சிறிது தழைச்சத்தும் கொடுத்தாலே துளிர்க்கும். சருகுப் படலம் ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் வாரி எடுங்கள். புழுவுக்கு அதுதான் வீடு. குருத்தே உலர்ந்துபோன இடத்தில் மட்டும் விதையுங்கள்.