கரடிக்கு ஊர் ஞாபகம்

வணக்கம் ஐயா,

சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியை நான். தொடக்கநிலை இரண்டுக்கு ஒரு படக்கதைப் புத்தகத்தை மதிப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டியும் பேத்தியும் கிணற்றடியில் துணி துவைக்கும் கதை. உரையாடல் பேச்சுத் தமிழில் இருக்கிறது, நீதி என்று எதுவும் இல்லை, நம் பிள்ளைகள் கிணற்றைப் பார்த்ததும் இல்லை. இருபது கேள்வி உள்ள படிவத்தில் பாதிக்கும் மேல் குறைந்த மதிப்பெண்தான் வருகிறது. ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது. எப்படி மதிப்பிடுவது?

க.

அன்புள்ள க.,

பேச்சுத் தமிழைக் கண்டு இன்னுமா பயம்? 2005 பாடத்திட்ட மறுஆய்வே வகுப்பில் அதற்கு இடம் கொடுக்கச் சொல்லிவிட்டது. நீதி இல்லையென்றால் நல்லதாகப் போயிற்று. கிணற்றைப் பார்த்ததில்லையா, டைனோசரையும்தான் பார்த்ததில்லை, விடுங்கள்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். உங்கள் கடிதத்தில் படிவம் வருகிறது, மதிப்பெண் வருகிறது, ஒரு பிள்ளைகூட வரவில்லை. யாருக்காவது வாசித்துக் காட்டினீர்களா? படக்கதைப் புத்தகம் என்கிறீர்கள், படத்தைப் பற்றி ஒரு வரி உண்டா? இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம், அச்சுத்தாளை மடிக்கிற கணக்கு அது. அந்த 32 பக்கத்திலும் முக்கால்வாசி இடம் படத்துக்குத்தான், நீங்களோ ஓரத்தில் கிடக்கும் நாலு வரிக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

என் அம்மா செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் வேலை செய்தாள். 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பியபோது அந்தக் குடும்பம் கொடுத்துவிட்டுப் போனவை ஓர் இஸ்திரிப் பெட்டி, இரண்டு திரைச்சீலை, அப்புறம் கரடிப் படம் போட்ட ஓர் ஆங்கிலப் புத்தகம். அம்மாவுக்கு எந்த மொழியிலும் எழுத்து தெரியாது. ஆனாலும் ராத்திரி தவறாமல் எனக்குப் 'படித்து'க் காட்டுவாள். தொப்பி போட்ட கரடி எங்கள் பக்கத்துப் பால்காரர் ஆகிவிடும். கரடி சமைக்கும் பக்கத்தில் ஒருநாள் மீன்குழம்பு, ஒருநாள் ரசம், அன்றைக்கு வீட்டில் என்னவோ அது. கரடி ஜன்னலில் நின்று மழை பார்க்கும் பக்கம் வந்தால் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, "அதுக்கு ஊர் ஞாபகம் வந்துருச்சு" என்பாள். எந்த ஊரும்மா என்று கேட்பேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஊர் சொல்வாள், எல்லாமே தஞ்சாவூர்ப் பக்கம்.

தொடக்கநிலை மூன்றில் எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்க வந்தது. அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது, மழை பெய்கிறது, கரடி ஜன்னலருகே நிற்கிறது, அவ்வளவுதான். பெரிய படிப்பாளி மாதிரி, "நீ சொல்றது தப்பும்மா, அப்படி எழுதலை" என்றேன். அவள் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். "அப்ப நீயே படி." பிறகு அதைத் தொடவே இல்லை.

படத்தில் இருப்பதையே வாக்கியமும் சொன்னால், பிள்ளை சொல்வதற்கு என்ன மிச்சம்? சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசுகிறவர்கள் 2010 குடிமதிப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. உங்கள் வகுப்புக்கு வருகிற பிள்ளை வாசிக்கச் சொன்னால் வாசித்துவிடும், வாயைத் திறந்து சொந்தமாக ஒரு வார்த்தை பேசச் சொன்னால்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும். வாக்கியம் சொல்லாமல் விட்டதைப் படம் காட்டினால் பிள்ளை தானாகப் பேசும். உங்கள் படிவத்தில் 'படங்கள் வாசகத்துக்குப் பொருத்தமாக உள்ளனவா' என்று ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும். பொருத்தம் பார்க்க இது என்ன கல்யாணமா?

ஒன்று செய்யுங்கள். எழுத்தை எல்லாம் ஒட்டுத்தாளால் மறைத்துவிட்டு நாலு பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். நல்ல பிள்ளையாக ஐந்து நிமிடம் சும்மா இருங்கள், தமிழாசிரியர்களுக்கு அது கஷ்டம் என்று தெரியும். "பாட்டி ஏன் சேட்டா இருக்காங்க?" என்று ஒருத்தி கேட்டால், தயவுசெய்து அந்த ஆங்கில 'சேட்'டை (sad) திருத்தப் போகாதீர்கள். நான் ஒருமுறை திருத்தியதைத்தான் மேலே சொல்லியிருக்கிறேன்.

அந்தப் புத்தகம் நல்லதா என்று கேட்டீர்கள், இல்லையா? நான் பார்த்ததில்லை. பேத்தி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற பக்கம் ஏதாவது இருந்தால், அங்கே பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.