சூடான எண்ணெய் பட்டால் முதலில் தண்ணீர்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். முந்தாநாள் மாலை வடை சுடும்போது எண்ணெய் தெறித்து, வலது முன்கையில் மணிக்கட்டுக்கு மேலே பட்டுவிட்டது. மாமியார் பதறிப்போய் டூத்பேஸ்ட் தடவினார், எரிச்சல் அடங்கியது போலிருந்தது. மறுநாள் காலையில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். "ஊசியால் குத்தி நீரை எடுத்துவிடலாமா? எந்தக் களிம்பு போடுவது? தழும்பு நிற்குமா?" என்று கேட்கிறார்.

கொப்புளத்தைக் குத்தாதீர்கள். உள்ளே இருப்பது கெட்ட நீர் இல்லை, உங்கள் ரத்தத்திலிருந்து கசிந்த நீர்தான். மேலே இருக்கும் மெல்லிய தோல், அடியில் வெந்து கிடக்கும் பச்சைத் தோலுக்குப் போர்வை மாதிரி. எந்தக் கடையிலும் அதைவிட நல்ல கட்டுத்துணி கிடைக்காது. இந்த அளவுக் கொப்புளம் தானாகவே சில நாளில் வற்றிச் சுருங்கும். மேலே ஒட்டாத மெல்லிய காஸ் துணியை வைத்து, இறுக்காமல் கட்டிக்கொண்டால் பாத்திரம் கழுவும்போது இடிபடாது. பஞ்சை மட்டும் நேராக வைக்காதீர்கள். அதன் இழை புண்ணில் ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது புதுத்தோலும் சேர்ந்து வரும்.

தானாக உடைந்துவிட்டால்? பயப்பட வேண்டாம். கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, புண்ணையும் மிதமான சோப்பும் தண்ணீரும் கொண்டு மெதுவாக அலசுங்கள். சுத்தமான துணியால் ஒற்றியெடுத்து, வெள்ளை வாசலினை மெல்லிசாகப் பூசி, காஸ் வைத்துக் கட்டுங்கள். தினம் ஒரு முறை மாற்றினால் போதும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் ஊற்ற வேண்டாம். கிருமியோடு சேர்த்து, வளர்ந்துவரும் புது செல்களையும் அவை கொல்லும். தீப்புண் என்றதும் மருந்துக்கடையில் எடுத்துத் தருகிற வெள்ளைக் களிம்பு பெரும்பாலும் சில்வர் சல்ஃபாடயசின்தான். இவ்வளவு சின்னப் புண்ணுக்கு அது தேவையே இல்லை. ஆறுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், புண்ணின் மேல் ஒரு படலம் போல் படிந்து ஆழத்தையும் மறைக்கும். வலிக்குப் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம்.

இனி பேஸ்ட் விஷயம். மாமியார் அன்பில்தான் செய்தார், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இட்லி மாவு, பேனா மை, காபித்தூள், மஞ்சள், நெய் என்று எது கைக்குக் கிடைத்தாலும் அப்பிவிடுகிற இந்தப் பழக்கத்தால் குழந்தைகள் படும் பாட்டைப் பார்த்துப் பார்த்து மனசு நொந்துபோயிருக்கிறது. மேலே டீ கொட்டிவிட்டதென்று இரண்டு வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிவருவார்கள். நெஞ்சு முழுக்க நீல மை. அடியில் தோல் சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பார்த்தால்தான் புண் எவ்வளவு ஆழம் என்று சொல்ல முடியும். அதற்காக அந்த மையைத் துடைத்துத் துடைத்து எடுக்க வேண்டும். பிள்ளை கதறும் கதறல் வராந்தா வரைக்கும் கேட்கும். வெந்ததைவிட அதிகமாக அந்த நேரத்தில் அது துடிக்கிறது. பேஸ்ட்டில் இருக்கும் புதினா சுவைப் பொருள் குளிர்ச்சி மாதிரி ஓர் உணர்வைத் தரும், தோலுக்குள் இறங்கிய சூடு அப்படியே இருக்கும். எண்ணெயும் நெய்யும் அந்தச் சூட்டை உள்ளேயே மூடி வைக்கும்.

சுட்ட பிறகும் அந்தச் சூடு கொஞ்ச நேரம் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கிறது. அதைத் தடுப்பது ஓடும் தண்ணீர் ஒன்றுதான். அடுத்த முறை வீட்டில் யாருக்குச் சுட்டாலும் அடுப்பை அணைத்துவிட்டு, வளையல், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற வராது. அப்புறம் குழாயடியில் 20 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம், ஏனென்றால் வலிக்கிறவருக்கு 2 நிமிடமே அரை மணி நேரம் போலிருக்கும். நம் ஊர் வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் குழாயைத் திறந்ததுமே சுடச்சுட வரும். அப்போது மண்பானைத் தண்ணீரைச் செம்பில் மொண்டு மொண்டு ஊற்றுங்கள். உடனே செய்ய முடியாமல் போனாலும், சுட்ட 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் கட்டி வேண்டாம். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயத்தை ஆழமாக்கும். குழந்தை என்றால் சுட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் விட்டு, மற்ற உடம்பைத் துண்டால் போர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் பிள்ளையின் உடம்பு சீக்கிரம் சில்லிட்டுப்போய்விடும். உடை தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அதன் மேலேயே ஊற்றுங்கள்.

வீட்டு வைத்தியத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாத புண்களும் உண்டு. அடிபட்டவருடைய விரல்கள் சேர்ந்த உள்ளங்கை, அவர் உடம்பின் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். புண் அதைவிடப் பெரிதென்றால் மருத்துவமனைக்குப் போங்கள். முகம், கை கால் விரல்கள், மூட்டு, பிறப்புறுப்பு என்றால் சின்னப் புண்ணுக்கும் போக வேண்டும். கைக்குழந்தை, வயசானவர், சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி என்றாலும் அப்படியே. ஆசிட் பட்டிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக்கொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். கரன்ட் அடித்த புண் வெளியே பொட்டு மாதிரி தெரிந்தாலும் உள்ளே சதையையும் இதயத்தையும் பாதித்திருக்கலாம். இன்னொன்று, பலரும் ஏமாந்துபோவது இதில்தான்: புண் வெளுத்தோ தோல்வார் மாதிரி விறைத்தோ இருந்து, வலியே இல்லையென்றால் அது நல்ல செய்தி இல்லை. நரம்பு வரைக்கும் வெந்துவிட்டது என்று அர்த்தம்.

உங்களுக்கு வலி இருக்கிறது, கொப்புளம் சின்னது. 2 வாரத்துக்குள் ஆறிவிட வேண்டும். நடுவில் வலி குறையாமல் ஏறினாலோ, சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சீழ், நாற்றம், காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காதீர்கள். கடைசியாக டி.டி. ஊசி, அதாவது டெட்டனஸ் தடுப்பூசி, போட்டு 5 வருடம் தாண்டிவிட்டதா என்று யோசித்துப் பாருங்கள். தாண்டியிருந்தால், அல்லது ஞாபகமே இல்லையென்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம்.

தழும்பு? 2 வாரத்துக்குள் ஆறுகிற புண் பொதுவாக மேடான தழும்பாக நிற்பதில்லை. 3 வாரத்துக்கு மேல் இழுத்தால்தான் அந்தக் கவலை. உங்கள் கையில் கொஞ்ச நாள் கருப்பாகவோ வெளிறியோ ஓர் அடையாளம் இருக்கும், மாதக்கணக்கில் மெதுவாக மங்கும். அதுவரை வெயிலில் போகும்போது முழுக்கை உடையோ துப்பட்டாவோ கொண்டு அந்த இடத்தை மறைத்துக்கொள்ளுங்கள், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். புண் முழுவதும் மூடி, கசிவு நின்ற பிறகு மேல்தோல் வறண்டு அரிக்கும். அப்போது மாமியார் தேங்காய் எண்ணெயை எடுத்து வந்தால், தாராளமாகக் கையை நீட்டுங்கள்.