ரெண்டு வருஷத் தடை முடிஞ்சுதுன்னா சரக்கு அனுப்பலாமா?

கேள்வி: அண்ணே, சிங்கப்பூர் ஜூரோங்ல சரக்கு அனுப்பி வைக்கிற ஒரு ஃபார்வர்டிங் ஆபீஸ்ல டாக்குமென்ட் பாக்குறேன். ஈரான் ஏவுகணை வேலைக்கு உதவுனதா அமெரிக்கா தடை போட்ட ஒரு வெளிநாட்டு கம்பெனிக்கு ரெண்டு வருஷம் முடிஞ்சு தடை காலாவதி ஆயிடுச்சாம், மறுபடி ஆர்டர் குடுக்குறாங்க. பாஸ் "இனி பிரச்சன இல்ல, பெர்மிட் போடு"ங்கிறாரு. போடலாமா?
- வாசகர், பூன் லே

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. நீங்க சொல்றது ஈரான், வட கொரியா, சிரியாவுக்கு ஆயுதப் பொருள் போகாம தடுக்குற அமெரிக்கச் சட்டத்துல போட்ட தடையாத்தான் இருக்கும். 2000ல ஈரானுக்கு மட்டும்னு வந்து, 2005ல சிரியாவையும் 2006ல வட கொரியாவையும் சேத்தாங்க. அதுல வழக்கமா ரெண்டு வருஷம்தான், தேதி வந்தா தானா விழுந்துடும், கம்பெனி திருந்துச்சான்னு பாத்து யாரும் நற்சான்று குடுக்கறதில்ல. மறுபடி மாட்டி மறுபடி தடை வாங்குன கம்பெனிங்களும் இருக்கு.

அமெரிக்க கருவூலத்தோட கறுப்புப் பட்டியல், வர்த்தகத் துறையோட என்டிட்டி லிஸ்ட் (ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்ட கம்பெனிங்களோட பட்டியல்) ரெண்டும் இந்தத் தடைலேர்ந்து வேற. அதுல ரெண்டு வருஷக் கணக்கு கிடையாது, அவங்களா எடுத்தாத்தான் பேரு போகும், பேங்க்காரங்க முக்கியமா பாக்குறதும் அந்த மாதிரி பட்டியலத்தான்.

ஆனா எனக்குப் பெரிய கவல நம்ம ஊரு சட்டம்தான். 2003லேர்ந்து இங்க ஸ்ட்ராட்டஜிக் கூட்ஸ் கண்ட்ரோல் ஆக்ட், அதாவது ஆயுதத்துக்கு உதவக்கூடிய சரக்கக் கட்டுப்படுத்துற சட்டம், நடப்புல இருக்கு, கட்டுப்பாட்டுப் பட்டியல்லயே இல்லாத சாமானா இருந்தாலும் அணு, ரசாயன, உயிரி ஆயுதத்துக்கோ அதச் சுமக்குற ஏவுகணைக்கோ போகும்னு தெரிஞ்சா, ஏன், சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தாலே தனி பெர்மிட் வேணும். மீறினா முதல் தடவையே 1,00,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இல்ல சரக்கு மதிப்புல மூணு மடங்கு, எது கூடுதலோ அதுவரைக்கும் அபராதம், 2 வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம்.

இன்வாய்ஸ்ல வெறும் "ஸ்பேர் பார்ட்ஸ்"னு இருந்தா விடாதீங்க, மாடல் நம்பர் கேளுங்க. பிரஷர் டிரான்ஸ்டியூசர்னு அழுத்தத்த அளக்குற கருவி ஒண்ணு, உள்ளங்கைல அடங்கும், மருந்து ஃபேக்டரிலயும் இருக்கும், யுரேனியம் செறிவூட்டுற ஆலைலயும் இருக்கும். வாங்குறவரு யாரு, கடைசில யாரு கைக்குப் போகுது, எதுக்குன்னு எழுத்துல வாங்குங்க. மழுப்புனா சரக்க நிறுத்திட்டு சிங்கப்பூர் கஸ்டம்ஸ்ல கேட்டுடுங்க.

பாஸ் வாயால சொன்னத ஈமெயில்லயும் போடச் சொல்லுங்க தம்பி, பெர்மிட்டுக்குப் பதியுற டிரேட்நெட் ஆன்லைன் தளத்துல டிக்ளரேஷன் போகறது உங்க பேர்ல.