மகளின் கோச்சிங் ஃபீஸுக்காகச் செல்வமகள் சேமிப்பை நிறுத்தலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மாத வருமானம் சராசரியாக 38,000 ரூபாய். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் கூடைப்பந்து நன்றாக ஆடுகிறாள். ஒரு தனியார் அகாடமியில் மாதம் 4,500 ரூபாய். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 48,000 என்கிறார்கள். செல்வமகள் திட்டத்தில் போடும் 3,000 ரூபாயை நிறுத்திவிட்டு இதில் சேர்க்கலாமா மேடம்?

பதில்: நிறுத்த வேண்டாம். 8.2 சதவீத வட்டி தரும் அந்தக் கணக்கு அவளுடைய கல்லூரிக்கானது. மொத்தமாகவும் கட்ட வேண்டாம். மாதா மாதம் கட்டினால் பத்து மாதத்துக்கு 45,000தான் ஆகிறது. பதினோராவது மாதமும் அவள் போனால்தான் அந்தச் சலுகையில் உங்களுக்கு லாபம்.

என் மகளுக்கு நானும் ஒருமுறை மொத்தமாகக் கட்டினேன். மூன்றாவது மாதமே கோச் வேறு ஊருக்குப் போய்விட்டார், பணம் திரும்பி வரவில்லை. விடியற்காலையில் தானாக எழுந்து ஓடியவள் அப்புறம் ஷூவைத் தொடவே இல்லை. பணம் போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

அதனால் முதலில் கோச்சைப் பாருங்கள். இரண்டு நாள் சாயங்காலம் சொல்லாமல் போய் ஓரமாக உட்காருங்கள். பந்தைத் தவறவிட்ட பிள்ளையிடம் அவர் எப்படிப் பேசுகிறார்? களத்தில் ஐந்து பேர்தான் ஆட முடியும்; பன்னிரண்டு பேர் அணியில் மீதி ஏழு பேருக்கும் ஆட நேரம் கிடைக்கிறதா? வெளியூர்ப் போட்டிக்குக் கூட வரும் பெண் யார், செலவு யாருடையது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

‘நேஷனல் சர்டிபிகேட் கிடைக்கும்’ என்ற பேச்சுக்கும் மயங்காதீர்கள். தமிழக அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருப்பது உண்மை. ஆனால் பணம் கட்டி ஆடும் தனியார் போட்டிச் சான்றிதழ் அங்கே செல்லாது.

பள்ளி பி.டி. டீச்சரையும் விசாரியுங்கள். 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற நம் பெரியவடகம்பட்டி மாரியப்பனின் திறமையை முதலில் கண்டுகொண்டவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்தான். அப்படியே மகாத்மா காந்தி ஸ்டேடியத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலரையும் பாருங்கள். அரசு விளையாட்டு விடுதிகளுக்கு ஏழாம் வகுப்பிலிருந்து சேர்க்கிறார்கள். தேர்வானால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். அடுத்த வருடமே உங்கள் மகள் முயன்று பார்க்கலாம்.

சரி, அதுவரை இந்த அகாடமிதான் என்று முடிவானால், தீபாவளி, முகூர்த்த மாதங்களில் ஆர்டர் கூடும்போது மூன்று மாத ஃபீஸ் 13,500 ரூபாயைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். ஆர்டர் குறையும் மாதத்தில் ஃபீஸ் அதிலிருந்து போகட்டும்.