குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகிவிடும் என்பது உண்மையா?

இல்லை. ஆனால் அப்படி நம்பியவர்களைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். என் அம்மாயியே அதைக் கண்ணால் கண்டதுபோலச் சொல்வார். கூட்டுக்குள் புழுவை அடைத்து, குளவி வெளியே நின்று ரீங்காரமிடுமாம். புழு அதையே நினைத்து நினைத்துக் குளவியாகுமாம்.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு. கேரளம்தான், வீட்டில் தமிழ். மண்கூடு கட்டும் இந்தக் குளவியை நாங்கள் வேட்டுவாளி என்போம்; பக்கத்துத் தோப்பு சேச்சி மலையாளத்தில் வேட்டாளன் என்பார். இரண்டு மொழியும் வேட்டையைப் பெயரிலேயே வைத்திருக்கின்றன; புழுக்கதை எப்படி வந்ததோ!

ஒருமுறை மோட்டார் அறையில் ஸ்டார்ட்டர் பெட்டிமேல் ஒட்டியிருந்த மண்கூட்டை ஸ்குரூடிரைவரால் பெயர்த்தேன். ஓர் அறையிலிருந்து பதினொரு சிலந்திகள் உதிர்ந்தன. பெரும்பாலும் பச்சை நிறம், ஒவ்வொன்றும் நெல்மணி அளவு. செத்தவை என்று நினைத்தேன். ஈர்க்குச்சியால் தொட்டதும் ஒன்றின் கால் நடுங்கியது. கொட்டுவது கொல்வதற்கல்ல, முடக்குவதற்கு. செத்தால் அழுகிவிடும் அல்லவா? அடுத்த அறையில் சிலந்திகளைத் தின்று கொழுத்த வெளுத்த புழு. அதற்கடுத்ததில் பழுப்புக் காகிதம் போன்ற கூட்டுப்புழு உறை. அம்மாயியின் புழு குளவியின் சொந்தப் பிள்ளைதான். கம்பளிப்புழு பிடித்து அடைக்கும் குளவிகளும் உண்டு என்பதால் குழப்பம் இன்னும் எளிது.

சிலந்தி வேட்டைக்கென்றே பிறந்த இன்னொரு குளவிக் குடும்பம் இருக்கிறது; உலகெங்கும் சுமார் 5,000 இனங்கள். இவை ஒரு முட்டைக்கு ஒரே ஒரு சிலந்தியைத்தான் வைக்கும். வாய்க்கால் கரையில், தன்னைவிடப் பெரிய சிலந்தியைப் பின்னோக்கி நடந்தபடி இழுத்துப்போன ஒன்றைப் பார்த்திருக்கிறேன். நடுவில் அதைப் புல்மேல் போட்டுவிட்டுக் குழி பறிக்கப் போனது. இந்த இடைவெளியில் எறும்பு வந்துவிட்டால் உழைப்பெல்லாம் வீண். இதே குடும்பத்தில் மண்ணறை கட்டும் சில இனங்கள் சிலந்தியின் கால்களைக் கத்தரித்துவிட்டுத் தூக்கிப்போகின்றன. சுமப்பதும் அடைப்பதும் சுலபம். பெரிய சிலந்தி கிடைத்தால் பெரும்பாலும் பெண்முட்டை, சிறியதற்கு ஆண்முட்டை. கணக்குப் பிள்ளை தோற்றார்!

கூட்டமாக வாழாத இந்தத் தனிக்குளவிகள் கூட்டைக் காக்க ஆளைத் துரத்துவதில்லை. கையில் பிடித்தால் கொட்டும். கூட்டில் துளை விழுந்திருந்தால் பிள்ளை பறந்துவிட்டது, பெயர்த்துக்கொள்ளலாம்.

சிலந்திகளைக் காட்டியபோது அம்மாயி ஒத்துக்கொள்ளவில்லை. "அப்புறம் எதற்கு அந்த ரீங்காரம்?" என்றார். ஈரமண்ணைத் தாடையால் அழுத்திப் பூசும்போது உடம்பை அதிரவைக்கிறது, அந்தச் சத்தம்தான் என்றேன். நம்பினாரா என்று தெரியாது. மறுநாள் தண்ணீர்த் தொட்டி ஓரச் சேற்றருகே வெகுநேரம் குனிந்து நின்றிருந்தார்.