பழைய ஹார்ன் ஒலிபெருக்கிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய ஹார்ன் ஒலிபெருக்கிகளை வீட்டிலேயே சீரமைப்பது குறித்து வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: நெடுங்காலம் பூட்டிக் கிடந்த ஓர் அரங்கத்திலிருந்து இரண்டு பழைய ஹார்ன் ஒலிபெருக்கிகள் எனக்குக் கிடைத்துள்ளன. அலுமினிய ஹார்ன், அதன் பின்னால் ஒலியை எழுப்பும் பாகமான டிரைவர், கீழே தாழ்சுரங்களுக்கான ஊஃபர் பெட்டி என எல்லாம் முழுமையாக இருக்கின்றன. நேராக ஆம்ப்ளிஃபையரில் இணைத்துப் பார்க்கலாமா? அல்லது முதலில் டிரைவரைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். பழைய ஹார்ன்களில் டிரைவரின் பழுது போலத் தோன்றும் பல குறைகள் உண்மையில் டிரைவருக்கு வெளியே இருக்கின்றன. அதிர்வெண்களை ஊஃபருக்கும் டிரைவருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸோவர் சுற்றில் வயதான கெப்பாசிட்டர், துருவேறிய இணைப்பு முனை, டிரைவரும் ஹார்னும் சேரும் இடத்தில் இற்றுப்போன கேஸ்கெட் என்னும் அடைப்பு வளையம் ஆகியவற்றைப் பார்த்து முடிக்கும் முன்பே டிரைவரைத் திறந்துவிட்டால், நன்றாக இருந்த ஒரே பாகத்தையும் கெடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. ஆகவே முதலில் அளந்து பாருங்கள். திறப்பது கடைசி வேலையாக இருக்கட்டும்.

இவ்வளவு எச்சரிக்கை ஏன் என்பதற்கு டிரைவரின் அமைப்பே காரணம். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வென்ட்டும் துராஸும் வடிவமைத்து, 1926-இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 555 என்ற பெயரில் பேசும் படங்களுக்காகப் பயன்பாட்டுக்கு வந்த டிரைவரின் அடிப்படை அமைப்புதான் பின்னாளில் வந்த ஆல்டெக், ஜேபிஎல் நிறுவனங்களின் டிரைவர்களிலும் தொடர்ந்தது. சில வாட் திறனே கொண்ட அக்கால ஆம்ப்ளிஃபையர்களால் ஓர் அரங்கத்தையே நிரப்ப வேண்டியிருந்தது. அதனால் டயஃப்ரம் என்னும் மெல்லிய அதிர்தகடு ஒன்றை ஃபேஸ் பிளக் என்னும் உலோக முகப்புக்கு மிக நெருக்கமாக வைத்து, காற்றை ஒரு குறுகிய தொண்டைக்குள் அழுத்தி, ஹார்னின் வழியே வெளியே விட்டார்கள். ஹார்ன் தரும் காற்றுச் சுமை இருக்கும்வரை டயஃப்ரம் மிகச் சிறிதளவே அசையும். ஹார்னின் கீழெல்லைக்கும் கீழான அதிர்வெண்கள் உள்ளே போனால் அந்தச் சுமை நீங்கிவிடுகிறது. டயஃப்ரம் கட்டுப்பாடின்றி ஆடி ஃபேஸ் பிளக்கில் மோதுகிறது. கிராஸோவர் இல்லாமல் நேராக ஆம்ப்ளிஃபையரில் இணைத்தவுடன் பல டிரைவர்கள் சாவது இப்படித்தான்.

சோதனையை மல்டிமீட்டரில் தொடங்குங்கள். டிரைவரின் கம்பிகளைக் கழற்றிவிட்டு அதன் இரு முனைகளுக்கும் இடையே உள்ள மின்தடையைப் பாருங்கள். 16 ஓம் என்று பொறிக்கப்பட்ட டிரைவர் ஏறக்குறைய 10 முதல் 13 ஓம் வரையும், 8 ஓம் டிரைவர் ஏறக்குறைய 5.5 முதல் 7 ஓம் வரையும் காட்டினால் டயஃப்ரமுடன் இணைந்த கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் அறுபடவில்லை என்று பொருள். இரண்டு டிரைவர்களின் அளவுகளும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கின்றனவா என்பது அந்த எண்ணை விடவும் முக்கியம். ஒன்று 11, மற்றது 6 என்று வந்தால், யாரோ ஒருவர் முன்பே டயஃப்ரமை மாற்றியிருக்கக்கூடும்.

அடுத்து, டிரைவருடன் தொடராக ஒரு காப்புக் கெப்பாசிட்டரை இணையுங்கள். 1,59,000 என்ற எண்ணை, டிரைவரில் பொறித்த ஓம் அளவையும் மைக்ரோஃபாரட் அளவையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால், கெப்பாசிட்டர் எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே தடுக்கத் தொடங்கும் என்பது ஹெர்ட்ஸில் கிடைக்கும். 16 ஓம் டிரைவருக்கு 20 மைக்ரோஃபாரட் போட்டால் அது சுமார் 500 ஹெர்ட்ஸ். 800 ஹெர்ட்ஸுக்கு மேல் வேலை செய்ய வேண்டிய டிரைவருக்கு இது பொருத்தமான காப்பு. 8 ஓம் டிரைவருக்கு அதே பயனைப் பெற 40 மைக்ரோஃபாரட் தேவை. இதன் பிறகு 1,000 ஹெர்ட்ஸ் சமிக்ஞையை அரை வோல்ட் அளவில் கொடுங்கள். 16 ஓமில் அரை வோல்ட் என்பது ஒரு வாட்டில் அறுபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஹார்னுடன் சேர்ந்த டிரைவர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 105 டெசிபெல்லைத் தாண்டுவது சாதாரணம் என்பதால், அந்தச் சிறு அளவே ஓர் அறையை நிரப்பப் போதும். சோதிக்கும்போது காதை ஹார்னின் வாய்க்கு நேராக வைக்காதீர்கள். ஆம்ப்ளிஃபையரை இயக்கும் முன் ஒலி அளவைப் பூஜ்யத்தில் வைத்து, பிறகு மெல்ல ஏற்றுங்கள்.

கேள்வி: என்னிடமுள்ள இரண்டு ஹார்ன்களில் ஒன்றில் மட்டும், சில சுரங்களில் கரகரவென்று ஓர் அதிர்வு கேட்கிறது. டயஃப்ரமை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: முதலில் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டறிய வேண்டும். இரண்டு டிரைவர்களையும் ஹார்ன் மாற்றிப் பொருத்துங்கள். கரகரப்பு டிரைவரைப் பின்தொடர்ந்து போகாமல் அதே ஹார்னிலேயே நின்றால், தளர்ந்த போல்ட்டையும், தாங்கு சட்டத்தையும், பல அறைகளாகப் பிரிக்கப்பட்ட ஹார்ன் என்றால் அதன் தகட்டு இணைப்புகளையும் சோதியுங்கள். 500 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரை மிக மெதுவாக ஏறும் ஒற்றைச் சுரத்தைக் குறைந்த அளவில் ஓட்டி, கரகரப்பு தோன்றும் இடத்தில் நிறுத்தி, ஹார்னின் பக்கங்களை உள்ளங்கையால் அழுத்துங்கள். அழுத்தும்போது ஓசை அடங்கினால் குறை உலோகத்தில்தான். வார்ப்பு அலுமினிய ஹார்ன்கள் தட்டினால் மணி போல ஒலிப்பவை. ஆல்டெக்கின் 511பி, 811பி ஆகியவற்றின் வெளிப்புறத்தில் தார் கலந்த தணிப்புத் தாள் ஒட்டுவதன் காரணம் இதுவே. உட்புறத்தில் எதையும் ஒட்டக் கூடாது.

கரகரப்பு டிரைவருடனே சென்றால், அது எல்லாச் சுரங்களிலும் கேட்கிறதா, கீழ்ச் சுரங்களில் மட்டும் கேட்கிறதா என்று கவனியுங்கள். எல்லாச் சுரங்களிலும் மெல்லிய உராய்வு கேட்டால், வாய்ஸ் காயில் நடுவிலிருந்து விலகியிருக்கலாம். அல்லது வாய்ஸ் காயில் அசையும் காந்த இடைவெளியில் இரும்புத் துகள் நுழைந்திருக்கலாம். கீழ்ச் சுரங்களில் மட்டும் வந்து, அளவைக் கூட்டக் கூட்டக் கடுமையானால், டயஃப்ரமின் விளிம்பில் விரிசல் இருக்கக்கூடும்.

இந்த இரு நிலைகளில்தான் டிரைவரைத் திறக்கும் தேவை வருகிறது. வேலை செய்யும் மேசையில் இரும்புத் தூள் ஒரு துளியும் இருக்கக் கூடாது. அரம் பயன்படுத்திய மேசையைத் தவிர்த்துவிடுங்கள். பின்மூடியும் டயஃப்ரமும் எந்தத் திசையில் இருந்தன என்பதைப் பென்சிலால் குறித்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, டயஃப்ரமைச் சாய்க்காமல் நேராக மேலே தூக்குங்கள். இரும்பு ஸ்க்ரூ டிரைவரை அந்த நேரத்தில் அருகிலேயே வைக்காதீர்கள். காந்தம் அதைப் பிடித்து இழுத்தால் மெல்லிய அலுமினியக் குவிமாடம் ஒரு நொடியில் கிழிந்துவிடும். இடைவெளியைத் துப்புரவு செய்ய, மெல்லிய அட்டைத் துண்டின் இருபுறமும் ஒட்டு நாடாவைச் சுற்றி, இடைவெளிக்குள் முழு வட்டமாக நகர்த்தி எடுங்கள். நாடாவில் ஒன்றும் ஒட்டாதவரை புது நாடாவால் இதையே திரும்பச் செய்யுங்கள். அழுத்தக் காற்றை ஊதினால் துகள்கள் ஃபேஸ் பிளக்கின் பிளவுகளுக்குள் இன்னும் ஆழமாகப் போய் அமர்ந்துகொள்ளும்.

டயஃப்ரமைத் திரும்பப் பொருத்தும்போது, சில வகைகளில் நிலைப்படுத்தும் ஊசிகள் இருப்பதால் அது தானே நடுவில் அமரும். ஊசி இல்லாத வகைகளில், திருகுகளைக் கையளவில் மட்டும் முடுக்கி, காப்புக் கெப்பாசிட்டருடன் மிகக் குறைந்த அளவில் 500 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை ஓடவிட்டு, தூய ஒலி வரும்வரை டயஃப்ரமை நூலளவு நகர்த்தி, பிறகு எதிரெதிராக இறுக்க வேண்டும். குவிமாடத்தில் சிறிய குழி இருப்பதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். அளவிலும் கேட்பதிலும் வேறுபாடு தெரியவில்லை என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். நாடாவால் இழுத்து நிமிர்த்த முயன்றால் குழி மடிப்பாகிவிடும்.

மாற்ற வேண்டிய கட்டாயம் வந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பழைய டயஃப்ரம்களைப் பத்திரப்படுத்துங்கள். நகல் டயஃப்ரம்களின் உலோகமும் விளிம்பு அமைப்பும் மூலப் பாகத்திலிருந்து வேறுபடுவதால், ஒன்று மூலம், மற்றது நகல் என்று வைத்தால் இரு பக்கங்களின் ஒலியும் ஒத்துப்போகாது.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அல்னிகோ என்னும் உலோகக் கலவையாலான காந்தத்தை அதன் இரும்புக் கூட்டிலிருந்து பிரித்தெடுத்தால் காந்தத்தன்மையின் பெரும்பகுதி போய்விடும். அதன் பிறகு தகுந்த கருவி உள்ளவரிடம் கொடுத்து மீண்டும் காந்தமேற்ற வேண்டியிருக்கும். ஒரு டிரைவர் மற்றதை விட இரண்டு மூன்று டெசிபெல் மெலிந்து ஒலித்தால், காந்தத்தின் மேல் ஐயப்படும் முன் இரண்டின் டயஃப்ரம்களையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மெலிவு டயஃப்ரமுடன் சென்றால் காந்தம் நன்றாகவே இருக்கிறது.

கேள்வி: பழைய கிராஸோவரில் உள்ள கெப்பாசிட்டர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?

பதில்: அளந்து பார்த்து மாற்றுங்கள். ஒரு முனையையாவது கழற்றிய பிறகே அளக்க வேண்டும். எலெக்ட்ரோலிடிக் வகை காலப்போக்கில் உலர்ந்து, அதன் உள்தடை ஏறிவிடும். ஹார்னின் ஒலி மங்கிக் கேட்கும். அவற்றை அதே மைக்ரோஃபாரட் அளவுள்ள ஃபிலிம் வகையால் மாற்றுவது நல்லது. புதியது உள்தடை குறைந்ததாக இருப்பதால் ஹார்ன் முன்பை விடச் சற்று ஓங்கி ஒலிக்கலாம். அதை ஹார்னின் ஒலி அளவைக் குறைக்கும் எல்-பேட் கட்டுப்பாட்டில் சரிசெய்துகொள்ளலாம். அந்தக் கட்டுப்பாடும் நெடுங்காலம் அசையாமல் கிடந்திருக்கும் என்பதால், மின்தொடர்பு இல்லாத நிலையில் அதைப் பலமுறை முழுதாகத் திருப்பிவிடுங்கள்.

எண்ணெய் நிரப்பிய உலோகப் பெட்டிக் கெப்பாசிட்டர்கள் வேறு வகை. 1970-களின் இறுதிவரை தயாரான பலவற்றில் பிசிபி என்னும் நச்சு எண்ணெய் இருந்தது. அமெரிக்காவில் 1979-இல் அதன் உற்பத்தி தடை செய்யப்பட்டது. கசிவின்றி, அளவும் சரியாக இருந்தால் அவற்றைத் தொடாமல் விடலாம். கசிவு கண்டால் கையுறை அணிந்து எடுத்து, உடைக்காமல், மூடிய கலத்தில் வைத்து, அபாயக் கழிவுகளைப் பெறும் இடத்தில் ஒப்படையுங்கள்.

கேள்வி: கணினியையும் ஒரு மைக்ரோஃபோனையும் வைத்து வீட்டிலேயே அளக்க முடியும் என்கிறார்கள். அறையின் எதிரொலி அளவைக் கெடுத்துவிடாதா?

பதில்: கெடுக்கும். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே கெடுக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட முடிவதால் அதைச் சமாளிக்கலாம். ஹார்னையும் மைக்ரோஃபோனையும் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில், ஒன்றுக்கொன்று 1 மீட்டர் தொலைவில் வைத்ததாகக் கொள்வோம். நேர் ஒலி 1 மீட்டர் கடக்கிறது. தரையில் பட்டு வரும் ஒலி 2.6 மீட்டர் கடக்கிறது. வேறுபாடான 1.6 மீட்டரைக் கடக்க ஒலிக்குச் சுமார் 4.7 மில்லிசெகண்ட் ஆகும். ரூம் ஈக்யூ விஸார்ட் போன்ற இலவச மென்பொருளில் அந்த நேரத்துக்குப் பின் வருவதை வெட்டிவிட்டால், எதிரொலி இல்லாத அளவு கிடைக்கும். ஆனால் சுமார் 215 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த வரைபடத்தை நம்பக் கூடாது. நடுத்தர ஹார்னைச் சோதிக்க இதுவே போதும். சுவரும் கூரையும் தரையை விடத் தொலைவில் இருக்குமாறு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தைப் படிக்கும்போது ஹார்னின் அளவையும் மனத்தில் கொள்ளுங்கள். வட்ட வாயுள்ள ஹார்ன் தன் கீழெல்லைவரை நன்றாக வேலை செய்ய, வாயின் சுற்றளவு ஏறக்குறைய அந்த எல்லையின் அலைநீளத்துக்கு இணையாக இருக்க வேண்டும். 300 ஹெர்ட்ஸுக்கு அது 1.14 மீட்டர், அதாவது விட்டம் சுமார் 36 சென்டிமீட்டர். 22 சென்டிமீட்டர் வாயுள்ள ஹார்ன் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிவது பழுதன்று. அதன் இயல்பே அது.

ஒலி வரைபடத்தை விட, அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும் மின்தடையைக் காட்டும் மின்மறுப்பு வரைபடம் டிரைவரின் உள்நிலையைத் தெளிவாகக் காட்டும் என்பது என் கருத்து. ஒலி அட்டையின் ஹெட்ஃபோன் வெளியீட்டுடன் ஒரு 100 ஓம் மின்தடையைத் தொடராக வைத்தால் அதே மென்பொருளில் இதை எடுக்கலாம். ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டை ஒலி அட்டையின் உள்ளீட்டில் நேராகச் செருகினால் அட்டை எரிந்துபோகலாம். ஒரே ஹார்னில் இரண்டு டிரைவர்களையும் மாற்றி மாற்றிப் பொருத்தி வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். மேடுகள் ஒரே இடத்தில் விழுந்தால் இரண்டும் நல்ல ஜோடி. ஒன்றின் மேடு நகர்ந்திருந்தால் டயஃப்ரமின் விளிம்பையும், கூரிய சிறு பற்கள் தெரிந்தால் கேஸ்கெட் கசிவையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: ஹார்னின் பழைய வண்ணத்தைச் சுரண்டிப் புது வண்ணம் பூசலாமா?

பதில்: பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். மென்சோப்பும் ஈரத் துணியும் போதும். டிரைவரைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள்; தொண்டை முழுதாக உலர்ந்த பிறகே மீண்டும் பொருத்துங்கள்.

கேள்வி: என் பழைய ஜேபிஎல் டிரைவரில் சிவப்பு முனையை நேர்மின் முனையாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எச்சரிக்கை தேவை. அந்நிறுவனத்தின் பழைய வழக்கப்படி, கறுப்பு முனைக்கு நேர்மின்னழுத்தம் கொடுத்தால்தான் டயஃப்ரம் முன்னோக்கி நகரும். வேறு நிறுவனத்தின் ஊஃபருடன் சேர்க்கும்போது கிராஸோவர் அதிர்வெண்ணில் ஒலி குறைந்து வரைபடத்தில் பள்ளம் விழுவதற்கு இது ஒரு காரணம். ஹார்னின் நீளமும் இதில் சேர்ந்துகொள்கிறது. டிரைவர் ஊஃபருக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால் அதன் ஒலி 1.75 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். 800 ஹெர்ட்ஸில் அலைநீளமே 43 சென்டிமீட்டர்தான். முனைகளை இரு விதமாகவும் இணைத்து அளந்து, பள்ளம் குறைவாக உள்ள இணைப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பொது அறிவிப்புக்குப் பயன்பட்ட பழைய குழாய் ஹார்ன் ஒன்றை வீட்டு ஆம்ப்ளிஃபையரில் இணைத்தேன். ஒலி மிக மெலிதாக வருகிறது. டிரைவர் போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அத்தகைய ஹார்ன்களின் பின்னால் 100 வோல்ட் அறிவிப்புக் கம்பிவழிக்கான டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் அதன் மின்மறுப்பு வரும்; 10 வாட் இணைப்புக்கு அது 1,000 ஓம். 8 ஓமில் 20 வாட் தரும் ஆம்ப்ளிஃபையர் அங்கே ஆறில் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே செலுத்த முடியும். டிரான்ஸ்ஃபார்மரின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் தெரிவது சுருளின் கம்பித்தடை மட்டுமே. அதை டிரைவரின் அளவாகக் கொள்ளக் கூடாது. பின்மூடியைத் திறந்து, டிரைவரின் முனைகளை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பிரித்து அளந்து, முதல் பதிலில் சொன்ன காப்புக் கெப்பாசிட்டருடன் நேராக இணைத்துப் பாருங்கள். பேச்சுக்காகவே உருவான ஹார்ன் என்பதால் ஆழ்ந்த தாழ்சுரங்களையும் மிக உயர்ந்த சுரங்களையும் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரை வீசாமல் ஹார்னுடனேயே கட்டி வையுங்கள். பின்னாளில் யாரேனும் அதை மீண்டும் அறிவிப்புக் கம்பிவழியில் இணைக்க விரும்பினால் அது தேவைப்படும்.