வெக்டர் கோப்பு மாற்றம்: கேள்வி பதில்

கேள்வி: லினக்ஸில் ஒரு ஃபோல்டர் நிறைய எஸ்விஜி (படத்தைக் கோடுகளாகவும் வடிவங்களாகவும் சேமிக்கும் வெக்டர் கோப்பு) லோகோக்கள். ஒவ்வொன்றாகத் திறக்காமல் பிடிஎஃப் ஆக்க முடியுமா சார்?

பதில்: தாராளமாக. டெர்மினலில் அந்த ஃபோல்டருக்குள் போய், வெக்டர் வரையும் மென்பொருளின் பெயரான 'இங்க்ஸ்கேப்' என்று அடித்து, இரண்டு ஹைஃபனோடு 'எக்ஸ்போர்ட்-டைப்=பிடிஎஃப்' கொடுங்கள். கடைசியில் நட்சத்திரக் குறி, புள்ளி, எஸ்விஜி. அதே பெயர்களில் பிடிஎஃப்கள் பக்கத்திலேயே வந்துவிடும். 2020இல் வந்த 1.0 பதிப்பில் கட்டளைகளை மாற்றிவிட்டார்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய 'எக்ஸ்போர்ட்-பிடிஎஃப்' வரியை நம்பாதீர்கள்.

கேள்வி: அண்ணா, இமேஜ்மேஜிக் என்ற படம் மாற்றும் மென்பொருளில் பிடிஎஃப்பை எஸ்விஜி ஆக்கினேன். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

பதில்: தெரியத்தான் செய்யும். அது பிடிஎஃப்பை கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு மென்பொருள் வழியாக முதலில் பிக்சலாக, அதாவது சின்னச் சின்னப் புள்ளிகளாக, மாற்றிவிடுகிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அங்குலத்துக்கு 72 புள்ளிதான். அப்புறம் எஸ்விஜி என்று பெயர் வைத்து என்ன பயன்? பாப்ளர் என்ற பிடிஎஃப் கருவித் தொகுப்பில் உள்ள பிடிஎஃப்டூகெய்ரோ கட்டளைக்கு மாறுங்கள். 'எஸ்விஜி' ஆப்ஷன் கொடுத்தால் கோடு கோடாகவே வரும். பல பக்கக் கோப்பு என்றால் பக்க எண் கொடுத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எழுத்துகள் வெறும் வடிவங்களாகிவிடும் என்பதால், அதன் பிறகு எழுத்தாகத் திருத்த முடியாது.

கேள்வி: கல்யாணப் பத்திரிகையை எஸ்விஜியாக அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே தமிழ் எழுத்து வேறு மாதிரி தெரிகிறதாம்.

பதில்: எஸ்விஜிக்குள் வழக்கமாக ஃபான்டின் பெயர்தான் இருக்கும், ஃபான்ட் இருக்காது. அவர்களிடம் அது இல்லையென்றால் கையில் கிடைத்த வேறொன்றைப் போட்டுக் காட்டும். இங்க்ஸ்கேப்பில் எழுத்தை வடிவமாக்கும் 'எக்ஸ்போர்ட்-டெக்ஸ்ட்-டு-பாத்' சேர்த்து பிடிஎஃப் எடுத்து அனுப்புங்கள். மூல எஸ்விஜியை அழித்துவிட வேண்டாம். மாப்பிள்ளை பெயரில் பிழை இருப்பது கடைசி நாளில்தானே தெரியும்!

கேள்வி: அச்சகத்தில் இபிஎஸ் கோப்புதான் வேண்டும் என்கிறார்கள். ஆனால் நிழல் விழும் இடம் மட்டும் மங்கலாகிறது.

பதில்: இபிஎஸ்ஸுக்கு அடிப்படையான போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில், பின்னால் இருப்பது அரைகுறையாகத் தெரியும் நிறம் கிடையாது. பிடிஎஃப்பிலேயே 1.4 பதிப்பில்தான் வந்தது. அதனால் மாற்றும் மென்பொருள் அந்தப் பகுதியைப் பிக்சலாக்கி ஒட்டிவிடுகிறது. பிடிஎஃப் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் நிழலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தட்டையான நிறம் போடுங்கள்.

கேள்வி: ஜேபிஜி லோகோவை வெக்டர் ஆக்கலாமா?

பதில்: கறுப்பு வெள்ளை என்றால் பிஎம்பி படக் கோப்பாக மாற்றி, புள்ளிகளைக் கோடாக்கும் போட்ரேஸ் மென்பொருளிடம் கொடுங்கள். பல நிறம் என்றால் கையால் வரைவதே மேல்.

கேள்வி: அக்கா, எனக்கு வந்த பிடிஎஃப் உண்மையிலேயே வெக்டர்தானா?

பதில்: பாப்ளர் தொகுப்பிலேயே உள்ள பிடிஎஃப்இமேஜஸ் கட்டளையை 'லிஸ்ட்' ஆப்ஷனோடு ஓட்டு. பட்டியல் காலியாக இருந்தால் உள்ளே பிக்சல் படம் இல்லை. பக்கம் முழுக்க ஒரே படம் என்று காட்டினால், அனுப்பியவரிடமே மூலக் கோப்பைக் கேட்டு வாங்கு.